ஒரு சிறு எச்சரிக்கை

சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா என்று அருட்சகோதரி அறிவித்ததும் எங்கள் வகுப்பே ஆரவாரித்தது. 42 பேர், ஆளுக்கு 150 ரூபாய். கணக்கைக் கணினியில் பதியும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

நான் கற்றிருப்பது பி.எச்.பி. என்னும் நிரல்மொழி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1995ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். இதில் 'அர்ரே' என்று ஒன்று உண்டு. பெயர் எழுதிய டப்பாக்களை அடுக்கிய அலமாரி என்று அதனைக் கொள்ளலாம். டப்பாவின் மேலுள்ள பெயர் 'கீ'. உள்ளே இருப்பது 'வேல்யூ'. என் அலமாரியில் மாணவியின் பெயர் கீ. குறித்த நாளுக்குள் அவள் கட்டிய தொகை வேல்யூ.

பேருந்தில் வருகை பார்க்கப் பெயர்கள் மட்டும் போதும். நானோ 'ஃபோரீச்' கட்டளையில் பெயர், தொகை இரண்டையும் எடுத்து, பெயரை மட்டும் அச்சிட்டேன். நிரல் நன்றாகவே ஓடியது. ஆனால் நிரலைச் சரிபார்க்கும் பி.எச்.பி.எம்.டி. என்ற கருவி, 'தொகை' என்னும் மாறி பயன்படவில்லை என்று எச்சரித்தது. "இதென்ன தொல்லை!" என்று அந்த விதியையே நிறுத்திவிட்டேன்.

மறுநாள் அறிக்கையைக் கண்ட அருட்சகோதரியின் முகம் மாறியது. 6,300 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 5,850 என்றிருந்தது. மூவர் பெயருக்கு எதிரே சுழி! அவர்களை எழுப்பிக் கேட்டார். "தாமதமானாலும் கட்டிவிட்டோம், சிஸ்டர்" என்றார்கள். அவர்களில் ஒருத்தி அழுதேவிட்டாள்.

எனக்கு நெஞ்சு படபடத்தது. ஓடிச் சென்று அந்த விதியை மீண்டும் இயக்கினேன். இப்போது இரண்டு எச்சரிக்கைகள்! ஒன்று பழையது. மற்றது, தாமதமாக வந்த பணத்தைத் தனியே கூட்டி ஒரு மாறியில் வைத்துவிட்டு, அதனை மொத்தத்தில் சேர்க்க மறந்ததைக் காட்டியது. தவறு என்னுடையதே!

உடனே அதனைச் சேர்த்தேன், 6,300 வந்தது. பழைய எச்சரிக்கைக்கும் வழி இருந்தது. 'அர்ரே_கீஸ்' என்று கேட்டால் பெயர்கள் மட்டுமே கிடைக்கும். அவற்றின் மீது ஃபோரீச் சென்றால் தேவையற்ற மாறியே பிறக்காது, எச்சரிக்கையும் எழாது. வாயை அடைப்பது வேறு. காரணத்தை நீக்குவது வேறு என்று அன்று உணர்ந்தேன்.

வகுப்பு முன்னிலையில் மூவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

சுற்றுலா நாளில் 42 பெயர்களையும் நானே வாசித்தேன். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் ஏறி, சமணத் துறவியரின் 17 கற்படுக்கைகளைக் கண்டோம். சிலவற்றில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. யாரிடம் என்ன இருந்தது என்ற கணக்கு அங்கே இல்லை. பெயர் மட்டுமே நிலைத்திருக்கிறது. அழுத தோழி என் கையைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

அன்புத் தோழியரே, தேவையானதை மட்டும் எடுப்போம். சிறு எச்சரிக்கையையும் அலட்சியம் செய்யாதிருப்போம்!