நான்கு மில்லிமீட்டர்

சென்ற கோடையில் அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவ்வூர்ச் சிறுவரும் முதியவரும் கூடிச் சிற்றிரயில் பாதையொன்றை அமைத்துவந்தனர். ஆளுக்கொரு மரப்பெட்டி செய்து, அதன்மேல் இரட்டைத் தண்டவாளம் பதித்து, நூலகக் கூடத்து மேசைகளில் வரிசையாகக் கோத்தால் பாதை முழுமையுறும். 'டி-டிராக்' என்பது இம்முறையின் பெயர். பெட்டியின் நடுவே மலையோ சந்தையோ அமைப்பது அவரவர் விருப்பம். ஓரங்களுக்கு மட்டுமே விதி உண்டு. இரு பாதைகளின் மையங்களுக்கிடையே 33 மி.மீ.; தண்டவாளத்தின் நீளம் 310 மி.மீ.; பெட்டியின் நீளமோ 308 தான்.

"308 தான் நன்னா, மறந்துடாதீங்க" என்று பேரன் சொல்லியிருந்தான். தண்டவாளத்தினும் பெட்டி குறுகுவதா என்றெண்ணி, நான் தாராளமாக 312 ஆக அறுத்துவிட்டேன்.

கூடிய நாளில் எங்கள் பெட்டி அண்டைப் பெட்டியோடு முட்டி நின்றது. தண்டவாளங்கள் ஒன்றையொன்று எட்டவில்லை. அத்தனை பேருடைய இரயிலும் எங்களால் நின்றது. பேரன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலைகுனிந்து நின்றான். ஒரு புள்ளி பிறழ்ந்தால் அரபுச் சொல்லே மாறிவிடும் என்று முப்பதாண்டுகளாய் மாணவரைக் கண்டித்தவன் நான்!

"பிழை என்னுடையது" என்றேன். முதியவர் ஒருவர் புன்னகையோடு இழைப்புளியை என்னிடம் நீட்டினார். தண்டவாளத்தைக் கழற்றி, இருபுறமும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் இழைத்தேன்.

பின்னர் இரயில் எங்கள் பெட்டியிலிருந்த சிறு பள்ளிவாசலைக் கடந்து, அடுத்தவரின் பனிமலைக்குள் நுழைந்தது. பேரன் என் கையைப் பற்றிக்கொண்டான். நடுவில் நமக்குரியதை நாம் அமைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் மட்டும் அடுத்தவருக்குச் சிறிது இடம் விட்டாக வேண்டும்.