கோடு போட்டு அடி

அழித்த குறிப்பு மறுநாள் காலையில் திரும்பி வந்து நின்றது. நார்த்தங்காய் ஊறுகாய். உப்பு அளவு தப்பாக இருந்ததால் நான்தான் அதை நீக்கியிருந்தேன். அம்மாவின் சமையல் குறிப்புகளை நானும் தங்கையும் வைத்துக்கொள்வதற்காக நானே எழுதிய சின்னச் செயலி அது. அவரவர் போனில் அவரவர் பிரதி இருக்கும். நெட் கிடைக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சரிசெய்துகொள்ளும். என் போனில் இல்லாத குறிப்பு தங்கையின் போனில் இருக்கவும், புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்து, செயலி அதை மறுபடி எனக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

இதற்கு விடையைப் பெரியம்மா எனக்குப் பத்து வயதிலேயே சொல்லியிருக்கிறாள்.

அம்மா திருநெல்வேலியில், பெரியம்மா விருதுநகரில். இருவரிடமும் ஆளுக்கொரு சமையல் நோட்டு. வருஷத்துக்கு ஒருமுறை பெரியம்மா வரும்போது மஞ்சள் பையில் அவள் நோட்டும் வரும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தார்சாவில் இருவரும் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக ஒப்பிடுவார்கள். இவளிடம் இல்லாததை இவள் எழுதிக்கொள்வாள், அவளிடம் இல்லாததை அவள். வெயில் இறங்கும்போது இரண்டு நோட்டிலும் ஒரே விஷயம் இருக்கும். பிறகு ஒரு வருஷம் இரண்டும் தனித்தனியே வளரும்.

ஒருமுறை ஏதோ ஒரு வடகம் சரியாக வராத கோபத்தில் அம்மா அந்தப் பக்கத்தையே கிழிக்கப் போனாள். பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "கிழிக்காத. கோடு போட்டு அடி. கிழிச்சிட்டேன்னா, அடுத்த வருஷம் என் நோட்டப் பாத்து, விட்டுப்போச்சுன்னு திரும்ப எழுதிருவ."

அடித்த கோடு ஒரு செய்தி. கிழித்த பக்கம் வெறும் இல்லாமை. இந்தக் குறிப்பு தன்னிடம் வந்து சேரவே இல்லையா, வந்தபிறகு வேண்டாமென்று விடப்பட்டதா என்று இல்லாமையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2011இல் மார்க் ஷபீரோ என்பவரும் மூன்று ஆய்வாளர்களும், தனித்தனியே மாறும் பிரதிகள் மோதலில்லாமல் ஒன்றுசேர்வதற்கான தரவு வடிவங்களை வரையறுத்தார்கள். அந்தத் துறையில் நீக்கியதற்கு அடையாளமாக விட்டுவைக்கும் குறிக்குக் கல்லறைக்கல் என்று பெயர். நான் அதைப் பெரியம்மாவின் கோடு என்றே அழைக்கிறேன்.

ஒப்பிடும்போது பிணக்கும் வரும். மாப்பிள்ளைச் சொதிக்கு எத்தனை தேங்காய் என்பதை இருவருமே ஒரே வருஷத்தில் மாற்றியிருந்தார்கள். அம்மா இரண்டு என்றாள், பெரியம்மா மூன்று என்றாள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு நோட்டிலும் இரண்டு அளவும் பக்கத்தில் பக்கத்தில் ஏறின. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் இதைப் பாடபேதம் என்பார்கள். செயலியும் இரண்டையும் வைத்துக்கொண்டு, முடிவை மனிதரிடம் விட வேண்டும். பின்னால் வந்ததே சரி என்று முன்னதை விழுங்கிவிடும் செயலி, யாரோ யோசித்து எழுதியதை அவருக்குத் தெரியாமலே தொலைத்துவிடுகிறது.

அம்மாவின் நோட்டில் தேதியே கிடையாது. "பெரிய புயலுக்கு அப்புறம்", "மூத்தவ கல்யாணத்துக்கு முன்னாடி மாத்தினது" என்றுதான் இருக்கும். 1978இல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய ஆய்வுக்கட்டுரையைப் படித்தபோது அம்மாவின் கையெழுத்துதான் கண்முன் வந்தது. வெவ்வேறு கணினிகளின் கடிகாரங்கள் எப்போதும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. அதனால் எத்தனை மணி என்பதை விட்டுவிட்டு, எது எதற்கு முன்னால் நடந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர் காட்டினார். என் செயலியும் அப்படித்தான் எண்ணுகிறது.

இவ்வளவு சிரமம் எதற்கு, எல்லாவற்றையும் எங்கோ இருக்கும் சர்வரில் போட்டுவிட்டால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போட்டுப் பார்த்தவன் நான். பல வருஷக் குறிப்புகளை வைத்திருந்த ஒரு சேவை ஒருநாள் மூடப்பட்டது. இறக்கிக்கொண்ட கோப்பைத் திறக்க வேறு எந்தச் செயலியாலும் முடியவில்லை. 2019இல் இங்க் அண்ட் ஸ்விட்ச் என்ற ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்த கட்டுரை, மூலப் பிரதி நம் கருவியிலேயே இருக்கும் மென்பொருளுக்கு ஏழு இலக்கணங்களை வகுத்தது. காத்திருக்கவைக்காமல் வேலை செய்வது, நெட் இல்லாமலும் இயங்குவது, பல வருஷம் கழித்தும் திறக்க முடிவது, தனிமையைக் காப்பது எல்லாம் அதில் உண்டு. அம்மாவின் நோட்டிடம் இவை அத்தனையும் இருந்தன.

நோட்டில் ஏறாதது அம்மாவின் குரலில் இருக்கிறது. பக்குவம் சொல்லச் சொல்ல நான் பதிவுசெய்த பல மணி நேரம். அதை எழுத்தாக்க வேண்டும். ஆனால் புளியைக் கரைத்துக்கொண்டே அம்மா குடும்பத்தின் பழைய மனத்தாங்கல்களையும் சொல்வாள், யாருக்கு என்ன நோய் என்றும் சொல்வாள். அதை வெளியாள் ஒருவருடைய கணினிக்கு அனுப்ப எனக்கு உரிமையில்லை. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் விஸ்பர் என்ற பேச்சறி மாதிரியை எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டது. அதைச் சாதாரணக் கணினிகளிலும் ஓடும்படி ஜார்ஜி கெர்கானவ் மாற்றி எழுதினார். அதன் பெரிய வடிவம் 155 கோடி எண்களால் ஆனது, சுமார் 3 ஜிபி இடம் கேட்கும். வைஃபையை அணைத்துவிட்டு என் லேப்டாப்பில் ஓடவிட்டேன். மெதுவாகத்தான் ஓடியது. உழக்கு, ஆழாக்கு போன்ற சொற்களில் தடுமாறியது. நான் உட்கார்ந்து திருத்தினேன். அம்மா சொன்ன ஒரு சொல்கூட வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். மூலப் பிரதி, அதை எழுதியவர் கையிலேயே இருக்கட்டும். சர்வர் வேண்டுமானால் தபால்காரர் வேலையைப் பார்க்கட்டும், பிரித்துப் படிக்க வேண்டாம். ஒரு வீட்டின் பேச்சு அந்த வீட்டிலேயே எழுத்தாகட்டும். இதற்கான கருவிகள் இன்று நம் கையில் இருக்கின்றன.

பெரியம்மா இப்போது இல்லை. அவள் நோட்டு வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது. அதில் இருந்தவை, கடைசியாக அவள் வந்துபோன நாள்வரை, அம்மாவின் நோட்டில் இருக்கின்றன, அடித்த வரிகள் உட்பட.