கல்லுக்குக் காசு கிடையாது

ஆச்சியின் ஏழு கல் கெம்புத் தோட்டை விற்கப் போன அன்று, கடைக்காரர் அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுச் சின்னக் குறடு ஒன்றை எடுத்தார். கற்களை ஒவ்வொன்றாக நெம்பி ஒரு தாளில் போட்டார். தங்கத்தை மட்டும் தராசில் வைத்தார். "கல்லுக்குக் காசு கிடையாதும்மா" என்றார். அம்மா அந்தத் தாளை மடித்து வாங்கிக்கொண்டாள். 14 கற்கள்.

கெம்பு என்ற சொல்லை நான் எழுத்தில் முதலில் பார்த்தது யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில். ஆச்சிக்குக் கண் மங்கியபிறகு வேதாகமத்தை நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஆசாரியன் ஆரோனின் மார்ப்பதக்கம்: ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், நாலு வரிசையில் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு கல். மூன்றாம் வரிசையில் கெம்பு வந்ததும் ஆச்சி காதைத் தொட்டுக்கொண்டாள். "நம்ம கெம்பும் அதுல இருக்கு, பாத்தியாட்டி!"

எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது லெஷெம். அது எந்தக் கல் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. மற்றவற்றின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். பழங்காலத்தார் நீலம் என்றது நம் நகைக்கடை நீலமாக இருக்காது, பொன்துகள் தெறித்த லாபிஸ் லசூலியாக இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. சீனாயில் மூப்பர்கள் தேவனுடைய பாதத்தின்கீழ் கண்ட நீலக்கல் தளம், நட்சத்திரம் இறைந்த இராவானம் போலத்தானே இருந்திருக்க வேண்டும்?

வெளிப்படுத்தின விசேஷத்தில் புதிய எருசலேமின் எட்டாம் அஸ்திபாரக் கல் கிரேக்கத்தில் பெரில்லோஸ். நம் வைடூரியத்தின் பிராகிருத வடிவமான வேருளியம்தான் அங்கே போய் அப்படி ஆனது. காங்கேயத்துப் பக்கம் படியூரில் அந்தக் கல்லைத் தோண்டியிருக்கிறார்கள். ரோமானியர் அதற்கு ஆலாய்ப் பறந்தார்கள். நம்முடைய பழைய மொழிபெயர்ப்போ எட்டாவதைப் படிகப்பச்சை ஆக்கிவிட்டு, வைடூரியத்தைப் பத்தாவது இடத்தில் வைத்திருக்கிறது. ஊரைவிட்டுப் போனவன் வேறு பெயரில் வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி.

நாலாம் நூற்றாண்டில் எப்பிபானியு என்ற பேராயர் ஆரோனின் பன்னிரண்டு கல்லுக்கென்றே தனி நூல் எழுதினார். எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துறவி பீட், அஸ்திபாரக் கற்கள் ஒவ்வொன்றிலும் ஒரு குணத்தைக் கண்டார். அவருக்கு முதல் கல்லான யஸ்பியின் பச்சை விசுவாசத்தின் பசுமை. இந்தக் கணக்கெல்லாம் அழகுதான், ஆனால் என் மனம் அதில் ஒட்டுவதில்லை. பதக்கத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கல்லின் நிறமல்ல, அதில் வெட்டியிருந்த பெயர். ஒரு கல்லுக்கு ஒரு கோத்திரம். பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது ஆசாரியன் அந்தப் பன்னிரண்டு பெயரையும் நெஞ்சின்மேல் சுமந்து போக வேண்டும். யாருடைய பெயரும் விட்டுப்போகக் கூடாது.

சித்தி பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தபோது நகையெல்லாம் கழற்றிவிட்டாள். பொன்னும் முத்தும் பூணாதிருக்கச் சொல்லிப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டினாள். காதில் துளை மட்டும் மிஞ்சியது, நீளமாக, காலியாக. சபை மாறியதை ஆச்சி பொறுத்துக்கொண்டாள். அந்தத் துளையைத்தான் பார்க்க மாட்டாள். ஒருநாள் வெளிப்படுத்தின விசேஷம் 21ஐ வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவள் சித்தியைப் பார்த்துச் சொன்னாள்: "இங்க போட்டுக்கக் கூடாது, அங்க போய் மிதிச்சு நடக்கலாம், என்னட்டி?" சித்தியே சிரித்துவிட்டாள்.

ஆச்சி கேலியாகச் சொன்னது எனக்கு விளங்கியது அந்த நகைக்கடையில்தான். வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் கண்ட நகரத்தில் பொன் தெருவுக்கு, கல் அஸ்திபாரத்துக்கு. கடைக்காரர் தராசில் வைத்தது தெருவை. தாளில் மடித்துத் திருப்பித் தந்தது அஸ்திபாரத்தை.

அந்தப் பொட்டலத்தை அம்மா ஆச்சியின் வேதாகமத்தில், கடைசிப் பக்கங்களுக்கு நடுவே வைத்தாள். தோடு விற்ற பணம் எதற்குச் செலவானது என்று போன வாரம் கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. பொட்டலத்தைப் பிரித்து எண்ணினேன். 14 கல்லும் இருக்கின்றன.