சாமி குதிரைக்கு எந்த வண்டி?



இந்த வருஷம் ஆடித் திருவிழாவில் மதுரை வீரன் ஊர்வலத்துக்குக் குதிரை வருமா வராதா என்று பார்க்கிற எல்லாரும் கேட்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்போகூட நாலு பேர் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி முடியல. அதனால் முழுசா இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

குதிரை வரும். ஆனால் போன வருஷம் மாதிரி லோரியில் வராது. எதில் வரணும் என்று பார்க்கச் சொல்லி நிர்வாகம் எங்கள் மூன்று தொண்டூழியர்களிடம் பொறுப்பைக் கொடுத்தது. ரெண்டு மாசமா அலைஞ்சு பார்த்ததைத்தான் சொல்லப்போகிறோம்.

முதலில், குதிரை எதற்கு, வெறும் ஆடம்பரம்தானே என்று கேட்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம்ம காவல் தெய்வங்களில் பல பேருக்குக் குதிரைதான் வாகனம். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்து ஐயனார் கோவிலில் 30 அடிக்கு மேல் உயரமான குதிரைச் சிலை நிக்குது. மாசி மகத்துக்கு அதற்குக் காகித மாலையாகக் கொண்டுவந்து சாத்துவார்கள். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழா என்றாலே குதிரைச் சந்தை நினைவுக்கு வரும். இங்கே வந்த நம்ம முன்னோர்கள் தோட்டத்தில் கோவில் கட்டினப்போ, கையில் காசு இல்லாவிட்டாலும் சிமெண்டிலாவது வீரனுக்கு ஒரு வெள்ளைக் குதிரை செஞ்சு வச்சாங்க. கோலாலம்பூரில் இப்போ இரட்டைக் கோபுரம் நிக்கிற இடமே ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல்தான். அந்தப் பந்தய மன்றம் 1993இல் சுங்கை பீசிக்குப் போனது. குதிரையோடு நமக்கு உள்ள சொந்தம் நேத்து வந்தது இல்லை.

இப்போ போன வருஷம். ஊர்வலம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு வந்த லோரி திறந்த லோரி. மூணு டன் வண்டி, பக்கத்துக்குப் பலகை, தரையில் வெறும் இரும்புத் தகடு, அதுமேல ஒரு கித்தான். சிவப்பு விளக்கில் டிரைவர் பிரேக் அடிச்சப்போ குதிரை சறுக்கி முன்னங்கால் மடங்கி விழுந்திருக்கு. கோவில் வாசலில் கதவைத் திறந்தப்போ உடம்பெல்லாம் வேர்வை நுரை, பின்னங்கால் மூட்டில் தோல் உரிஞ்சு ரத்தம். உரிமையாளர் பார்த்துவிட்டு, இறக்கவே வேண்டாம் என்று திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அவர் செஞ்சதுதான் சரி. ஊர்வலம் குதிரை இல்லாமல் போனது. வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "சாமி பிள்ளைக்கு அடிபட்டுருச்சே"ன்னு அழுதுட்டாங்க. நல்லவேளையாகக் காயம் ஆழமில்லை, மூணு வாரத்தில் ஆறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் டிரெய்லர் பேச்சு வந்தது. ஒரே ஒரு குதிரை, வருஷத்துக்கு ஒரு தடவை. சின்னதா, லேசா ஒரு டிரெய்லர் இருந்தால் நம்ம பசங்க வண்டியிலேயே இழுத்துக்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு தம்பி தன்னுடைய ஏழு சீட்டுக் குடும்ப வண்டியிலேயே இழுக்கிறேன் என்று முன்வந்தார். மனசு பெருசுதான். ஆனால் கணக்கு ஒத்துவரல.

கணக்கு இதுதான். நம்ம ஊர்வலத்துக்கு வருகிற குதிரை ஓய்வு பெற்ற பந்தயக் குதிரை. எடை சுமார் 500 கிலோ. ஒரு குதிரைக்கான நல்ல டிரெய்லர் வெறுமையாகவே 700, 800 கிலோ வரும். ஆக 1,300 கிலோ. அதுவும் அசையாத பாரம் இல்லை. காலை மாத்தி வைக்கும், தலையை ஆட்டும், பயந்தால் உதைக்கும். இழுக்கிற வண்டி அந்த டிரெய்லரைவிட நல்லா கனமா இருக்கணும், தயாரிப்பாளர் கையேட்டில் இவ்வளவு இழுக்கலாம் என்று எழுதியும் இருக்கணும். பேக்டரியில் கிரேன்மேல் எத்தனை டன் தூக்கலாம் என்று ஒரு தகடு அடிச்சிருப்பாங்க. அதுக்கு மேல யாராவது தூக்கச் சொன்னால் நாங்க விடமாட்டோம். இதிலும் அப்படித்தான். குடும்ப வண்டி வேண்டாம், இரண்டு டன் எடையுள்ள நாலு சக்கர இயக்கப் பிக்அப் வேணும் என்று முடிவானது.

அடுத்து ஒரு பட்டறைக்காரர் வந்தார். "450 கிலோவில் செஞ்சு தர்றேன்ணே, காத்து மாதிரி இழுக்கும்"னு சொன்னார். விலையும் குறைவு. நிர்வாகத்தில் பாதிப் பேருக்கு ஆசை வந்துவிட்டது. நாங்க அவரிடம் ஒண்ணுதான் கேட்டோம்: மத்தவங்க செய்யறது 700 கிலோ வருது, உங்களுது 450. அந்த 250 கிலோவை எங்கேருந்து எடுத்தீங்க?

அவர் மறைக்காமல் சொன்னார். தரையில் மெல்லிசான பிளைவுட். ரெண்டு அச்சுக்குப் பதில் ஒண்ணு. சொந்தப் பிரேக் இல்லை, இழுக்கிற வண்டியின் பிரேக்கே போதும். கூரை ஆறடி.

எங்கே குறைக்கக் கூடாதோ அங்கேதான் எல்லாத்தையும் குறைச்சிருக்கார். லேசு என்பது பொருளை மாத்தி வரணும். அலுமினியத்தின் எடை அதே அளவு இரும்பில் மூணில் ஒரு பங்குதான். ஆனால் இரும்பு அளவுக்குப் பலமும் விறைப்பும் வராது, அதனால் தடிமனாப் போடணும், பற்றவைப்பும் நல்லா தெரிஞ்ச ஆள் செய்யணும். இல்லையென்றால் இணைப்பில் முடி மாதிரி விரிசல் விடும். எங்களுக்குப் பிடித்தது துத்தநாகம் பூசின இரும்புச் சட்டம், சுவருக்கும் கூரைக்கும் கண்ணாடி இழை. பாரம் தாங்குகிற இடத்தில் இரும்பு, மறைப்புக்கு மட்டும் லேசான பொருள். கண்ணாடி இழைக் கூரை நம்ம வெயிலில் வெறும் தகடு அளவுக்குக் கொதிக்கவும் கொதிக்காது.

பிரேக் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. ஐரோப்பாவில் பாரத்தோடு 750 கிலோவுக்கு மேல் போகிற டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் கட்டாயம். நம்ம குதிரை மட்டுமே 500 கிலோ. முன்னாடி வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னுக்குத் தள்ளும், அந்தத் தள்ளலே டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வைக்கிற அமைப்பு இருக்கு. கொக்கி கழண்டுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்க ஒரு கம்பிவடமும் இருக்கணும். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லோரிகளுக்கு நடுவில்தான் நாம வரப்போறோம். அதை நினைச்சுப் பாருங்க.

தரையைப் பற்றித்தான் அதிகம் சொல்லணும், ஏன்னா அதைத்தான் யாரும் பார்க்கிறதில்லை. மேலே ரப்பர் விரிப்பு போட்டுப் பளபளன்னு இருக்கும். குதிரை சிறுநீர் அந்த ரப்பருக்கு அடியில் தங்கும். மரத்தை அழுக வைக்கும், அலுமினியத்தை அரிக்கும். நாங்கள் பார்க்கப்போன ஒரு பழைய டிரெய்லரில் விரிப்பைத் தூக்கிவிட்டு ஸ்குரூடிரைவரால் குத்தினோம். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வித்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சொல்லி என்ன செய்ய, ஓடுகிற ரோட்டில் குதிரைக் கால் அந்த ஓட்டையில் இறங்கியிருந்தால்? பழசு வாங்குகிற யாராக இருந்தாலும் விரிப்பைத் தூக்காமல் காசு கொடுக்காதீங்க. அடியில் படுத்தும் பாருங்க. டயரில் வரி நிறைய இருக்குன்னு ஏமாறாதீங்க. நின்னே கிடக்கிற டிரெய்லரின் டயர் வெயிலில் வெடிச்சுப்போயிருக்கும். பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் செஞ்சது.

உயரம், அகலம். குதிரையால் முன்னாடி ரோட்டைப் பார்க்க முடியாது. பஸ்ஸில் கைப்பிடி இல்லாமல், கண்ணைக் கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டே போறோம்னு வச்சுக்குங்க, அதுதான் அதன் நிலைமை. ஒவ்வொரு வளைவுக்கும் காலை அகட்டி வச்சுத்தான் சமாளிக்கும். ரொம்ப ஒடுக்கமா இருந்தால் அகட்ட முடியாமல் சுவரில் ஏறும். கூரை ஏழடிக்குக் குறையக் கூடாது. குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டும்தான். தலையைக் கொஞ்சம் இறக்கினால்தான் மூக்கில் போன தூசி வெளியே வரும், அதனால் கயிற்றை ரொம்ப இழுத்துக் கட்டக் கூடாது. ரெண்டு பக்கமும் மேலே காத்து வழி வேணும். முன்பக்கம் ஆள் வெளியே வர ஒரு சின்னக் கதவு கட்டாயம் வேணும். அது இல்லாத டிரெய்லருக்குள்ளே நம்ம பசங்க யாரையும் நாங்கள் அனுப்பமாட்டோம்.

இன்னொரு யோசனையும் வந்தது. ரெண்டு குதிரை டிரெய்லரை எடுத்து நடுத் தடுப்பைக் கழற்றிவிட்டால்? இடம் தாராளம், அகலமா இருக்கிறதால் கவிழ்கிற பயமும் குறைவு. ஆனால் வெறும் எடையே ஒரு டன் பக்கம் வருது. தடுப்பை வச்சுக்கிட்டு ஒரு குதிரையை மட்டும் ஏற்றினால் டிரைவர் பக்கம்தான், அதாவது நம்ம நாட்டில் வலது பக்கம்தான் ஏற்றணும். ரோடு இடது ஓரமாகச் சரிஞ்சிருக்கும், கனம் மேட்டுப் பக்கம் இருக்கணும்.

கடைசியில் ஒரு குதிரை டிரெய்லர்தான் அமைந்தது. ரெண்டு அச்சு, சொந்தப் பிரேக், இரும்புச் சட்டம், கண்ணாடி இழை உடம்பு. தாளில் 720 கிலோ என்று போட்டிருந்தது. நாங்கள் நம்பவில்லை. பழைய இரும்புக் கடை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம், 790 காட்டியது. ரப்பர் விரிப்பு, மாற்று டயர் எல்லாம் தாளில் சேராது போல. இருந்தாலும் எங்கள் பிக்அப்பின் வரம்புக்குள்தான் இருக்கு.

வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம். ஒரு குடும்பம் முழு விலையையும் உபயமாகத் தருவதாகச் சொன்னது, அவர்களுக்கு வீரன் அருள் நிறைய உண்டாகட்டும். ஆனால் 364 நாள் கிள்ளான் மழையிலும் வெயிலிலும் கோவில் பின்பக்கம் நிறுத்தி வச்சால் தரையும் டயரும் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டோம். தினமும் குதிரை ஏற்றுகிறவர்களிடம் இருந்தால் பராமரிப்பு தானாக நடக்கும். அந்தக் குடும்பம் வாடகையையும் கால்நடை மருத்துவர் செலவையும் ஏற்றுக்கொண்டது. ஜேபிஜே பதிவு, டிரைவர் உரிமம் எல்லாம் உரிமையாளர் தரப்பில் இருக்கு, நகல் கேட்டு வாங்கி வச்சிருக்கோம். விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் நம்ம நாட்டில் அமலில் இருக்கு. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். கோவில் காரியம் என்பதற்காகச் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது, மூடிக்கொள்ளவும் கூடாது.

விடியற்காலை 5 மணிக்கு சுங்கை பீசிப் பக்கமிருந்து கெசாஸ் நெடுஞ்சாலை வழியாகக் குதிரை புறப்படும். வெயில் ஏறுவதற்குள் வந்து, நிழலில் நின்று தண்ணி குடிச்சு ஓய்வெடுக்கும். ஊர்வலம் சாயந்தரம்தான். நடுவில் டிரெய்லரை வெயிலில் மூடி நிறுத்துகிற பேச்சே இல்லை.

இந்த மாசம் மூணு ஞாயிற்றுக்கிழமை ஏற்றி இறக்கிப் பழக்கறோம். முதல் ஞாயிறு நாற்பது நிமிஷம் சாய்வுப் பலகையில் காலே வைக்கவில்லை. யாரும் அடிக்கலை, இழுக்கலை, ஒரு கேரட்டோடு காத்திருந்தோம். ரெண்டாவது ஞாயிறு ஆறு நிமிஷத்தில் ஏறிவிட்டது. ஏறினதும் முதலில் பின்கம்பியைப் போடணும், பிறகுதான் தலைக்கயிறு. இறக்கும்போது முதலில் கயிறு, பிறகுதான் கம்பி. இது மாறினால் குதிரை பின்வாங்கும், கயிறு பிடிக்கும், பயத்தில் எகிறும். எங்கள் பசங்க மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். உருமி மேளத் தம்பிகளா, டிரெய்லர் கதவு திறந்து குதிரை இறங்கி நிலைக்கு வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க, நாங்க சைகை காட்டுவோம். பட்டாசு அந்தத் தெருவிலேயே வேண்டாம். பிள்ளைகளைக் குதிரைக்குப் பின்னால் விடாதீங்க, பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீங்க. மாலை கொண்டுவருகிறவர்கள் உரிமையாளரிடம் கொடுங்க. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆசையா வாங்கி வந்த மாலையை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதுவே பாதி தின்னுடுச்சு, சரிகையோடு.

இறக்குகிற இடத்தில் கயிறு பிடிச்சு வழிவிட இன்னும் ஆறு பேர் தேவை. நிதானமான ஆட்கள், செருப்பு இல்லாமல் ஷூ போட்டு வரணும். மூணாவது ஞாயிறு காலை 7 மணிக்குப் பழக்கம். பேர் கொடுக்க ஆலய அலுவலக முகப்பில் நோட்டு வச்சிருக்கோம்.