பெரிய கடன், சின்னக் கடன்

காஞ்சிபுரத்தில் அருளுக்குப் பஞ்சம் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் வரதராஜருக்குப் பேரருளாளன் என்றே ஒரு பெயர். பக்கத்திலேயே தூப்புல். 1268-இல் அங்கே பிறந்த வேதாந்த தேசிகர், திருவேங்கடவனுடைய தயையையே ஒரு தேவியாகப் பாவித்து 'தயா சதகம்' என்று 108 சுலோகங்கள் பாடி வைத்தார்.

அந்த அருள் நமக்கு எப்படி வந்து சேருகிறது என்பதில்தான் தகராறு. குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறதே, அதுபோல் நாமும் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையார் கட்சி. தாய்ப் பூனை குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகிறது. குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பது தென்கலையார் கட்சி. தேசிகர் கூட, நாம் பற்றுவது ஒரு வியாஜம்தான், ஒரு சாக்குத்தான், காரியம் செய்வது அவன் கருணையே என்றுதான் சொன்னார். ஆனாலும் கோயிலில் எந்தக் கலையார் எதைச் சேவிப்பது என்ற வழக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கருணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோர்ட்டுப் படி ஏறுவதை நினைத்து நான் சிரித்ததுண்டு. அப்படிச் சிரித்த காலத்தில் என் தம்பி மேல் நான் போட்ட வழக்கு ஒன்பதாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா விட்டுப்போன மாந்தோப்பில் என் பங்கையும் சேர்த்து அவன் பெயருக்கு எழுதிக்கொண்டுவிட்டான்.

1990-களின் தொடக்கத்தில், என் மகள் கல்யாணத்துக்குப் புடவை நெய்யக் கொடுக்கப் போன இடத்தில் ஒரு நெசவாளருடன் பழக்கமாயிற்று. கிறிஸ்தவர். வீட்டிலேயே இரண்டு குழித்தறி. சுவரில் ஒரு சிலுவை. அதற்குக் கீழே ஜரிகைக் கட்டுகள். அதிகம் பேசமாட்டார்.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒவ்வோர் இழையிலும் இரண்டையும் கோத்து நெய்ய வேண்டும். கரைப் பக்கத்து நாடாவைத் தள்ள நெசவாளருக்குப் பக்கத்தில் ஒரு கையாள் தேவை. அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருக்கும். பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளையைத் தறியில் உட்கார வைப்பார்கள். பணம் தீரும்வரை பிள்ளை வரவேண்டும், பணமோ தீராது. காய்ச்சல், காதுகுத்து, தீபாவளி என்று மேலும் வாங்குவார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனால் அது பல வீடுகளில் தறிக்குழிக்குள் இறங்கவில்லை.

இவர் தறியிலும் ஒரு பையன் இருந்தான். பத்து வயது இருக்கும். முதல் தடவை போனபோது பார்த்தேன். மூன்று மாதம் கழித்துப் போனபோது அவன் இல்லை. அவன் இடத்தில் அவர் மனைவி உட்கார்ந்து நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். முகம் அவ்வளவு பிரசன்னமாக இல்லை.

"பையன் எங்கே?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் போறான் சார். புரோநோட்டைக் கிழிச்சு அவங்க அப்பன் கையில குடுத்துட்டேன்."

"பணம் வந்துவிட்டதா?"

"எங்கேருந்து வரும்?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

அவர் தறியை நிறுத்திவிட்டு ஒரு கணக்குச் சொன்னார். மத்தேயு சுவிசேஷத்தில் ஒரு கதை இருக்கிறது. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஓர் ஊழியக்காரன் காலில் விழுந்து அழுகிறான். ராஜா மனம் இரங்கிக் கடன் முழுவதையும் தள்ளிவிடுகிறார். அவன் வெளியே வந்ததும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய ஒருவனுடைய தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான்.

"ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்துல ஒரு நாள் கூலியாம் சார். ஒரு தாலந்துன்னா ஆறாயிரம் வெள்ளிப்பணம். அப்ப அவன் கடன் ஆறு கோடி நாள் கூலி. நான் ஒரு நாள் விடாம தறியில குந்தினாலும் ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம் வருஷம் ஆகும். மத்தவன் குடுக்கவேண்டியது நூறு நாள் கூலி. மூணு மாசம்! இருபது வருஷமா இந்தக் கதையைக் கோயில்ல கேட்கறேன். எனக்கு மன்னிப்பாயிடுச்சுங்கிறது மட்டும்தான் காதுல விழுந்துது. ஒரு நாள் பையன் நாடாவைக் கையில வெச்சுக்கிட்டே தூங்கிட்டான். முதுகுல ஒண்ணு வெச்சேன். வெச்ச கையைப் பார்த்தேன் சார். அந்த ஊழியக்காரன் கையாட்டம் இருந்துது."

வாலிபத்தில் தாம் குடித்துக் கெட்டதையும், மனைவியின் தாலியையே விற்றுவிட்டு வந்து நின்றதையும் அவரே சொன்னார். மனைவி மறுத்துப் பேசவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு ஜான் நியூட்டன் நினைவு வந்தது. அடிமை வியாபாரக் கப்பலோட்டி. 1748-இல் நடுக்கடலில் புயலில் சிக்கிக் கடவுளைக் கூப்பிட்டார், பிழைத்தார், பக்திமானாகிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைகளை ஏற்றிய கப்பல்களுக்குத் தலைவராகப் போய்வந்தார்! அந்த வியாபாரத்தின் கொடுமையை வெளிப்படையாக எழுத அவருக்கு 1788 வரை ஆயிற்று. பூனைக்குட்டி கதையில் நம் ஆசாரியர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. தாய் கவ்விக்கொண்டு வரும்போது குட்டிக்கு இன்னும் கண் திறந்திருக்காது.

திருநெல்வேலிச் சீமையில், கரையிருப்பில், 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் கிறிஸ்தவரானார். ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. ஆழ்வார் பாசுரங்களில் ஊறிய நாக்கு அல்லவா? பழைய வைணவத் தமிழ் அப்படியே கிறிஸ்துவின் திருவடியில் போய் விழுகிறது. பனியன் கதையில் யாத்திரிகனுடைய முதுகுச் சுமை சிலுவையின் அடியில் கழன்று உருண்டுவிடுகிறது. ஆனால் அது பயணத்தின் முடிவில் அல்ல. தொடக்கத்துக்குச் சற்றுத் தள்ளித்தான். அதற்குப் பிறகுதான் மலையும் பள்ளத்தாக்கும் வருகின்றன. சுமை போனது நடப்பதற்காக. நெசவாளரின் மனைவி நாடா தள்ளியதும் அந்த நடையில் ஒரு பகுதிதான். அவள் கேட்டு வாங்காத பகுதி.

அன்று பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது தம்பியின் கடனைக் கணக்குப் போட்டேன். பதினேழு மாமரம். என் கணக்கில் நான் யாருக்கு என்னென்ன பட்டிருக்கிறேன் என்றும் எண்ணத் தொடங்கினேன். செங்கல்பட்டு வருவதற்குள் நிறுத்திக்கொண்டேன். மரத்தை விட அதிகமாகப் போய்விட்டது.

வழக்கை வாபஸ் வாங்குவதாகத் தம்பிக்குக் கடிதம் எழுதினேன். அதைத் தபாலில் போட எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக இருக்கும்; உண்மையாக இராது.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. மன்னிப்பு என்ற வார்த்தையே அதில் இல்லை. இந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருக்கிறது, அண்ணிக்கு ஒரு மூட்டை மாங்காய் அனுப்புகிறேன் என்று மட்டும் எழுதியிருந்தான். மூட்டை வந்து பிரித்தபோது பாதி அழுகியிருந்தது. மீதியை என் மனைவி ஊறுகாய் போட்டாள்.