வலைக்கும் சட்டிக்கும் நடுவே

ராமேசுவரம் தீவில் மீன் சமையலைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் மசாலா வருவதில்லை. "எப்பப் புடிச்சது?" என்ற கேள்விதான் வருகிறது. விடியலில் பிடித்ததா, நேற்று ராத்திரியா, ஐஸில் கிடந்ததா, வடகடல் மீனா, தென்கடல் மீனா? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அவிப்பதா, புளி கரைப்பதா, கீறி உப்புப் போடுவதா என்று அடுப்படி முடிவு செய்கிறது.

உலகத்து மீன் சமையலை நாடு நாடாகப் பிரித்து எழுதுவது வழக்கம். ஜப்பான் ஒரு பக்கம், பெரு ஒரு பக்கம், நார்வே ஒரு பக்கம். இந்தக் கரையில் சுற்றிவந்த பிறகு எனக்கு அந்தக் கணக்கு பிடிக்காமல் போய்விட்டது. மீன் கடலை விட்டு வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதுதான் சமையலைத் தீர்மானிக்கிறது. தனுஷ்கோடியில் தொடங்கி பாம்பன், மண்டபம் வழியாகக் கீழக்கரை போய்ச் சேர நூறு கிலோமீட்டருக்குள்தான் ஆகும். அதற்குள்ளேயே சில நிமிடத்து மீனும் பல மாதத்து மீனும் சட்டியில் வேகின்றன.

கோயிலுக்கு வருகிறவர்களின் கண்ணில் இந்தச் சமையல் அதிகம் படுவதில்லை. அக்னி தீர்த்தம், இருபத்திரண்டு தீர்த்தங்கள், நீண்ட பிராகாரம், சைவச் சாப்பாடு, அப்புறம் ரயில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தீவின் அன்றாடச் சோறு ஓலைக்குடாவிலும் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும்தான் பொங்குகிறது.

தீவுக்கு வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் ஆழம் குறைந்த, சேறும் கடல்புல்லும் நிறைந்த கடல். நண்டுக்கும் இறாலுக்கும் ஒராவுக்கும் அது வீடு. தெற்கே மன்னார் வளைகுடா. பவளப்பாறைகளும், தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் உள்ள பக்கம். 1986-இல் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. விளமீனும் கலவாயும் அங்கே பாறையோரம் மேயும். கச்சான் காற்று எழும்பும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் நிலைமை தலைகீழ். காற்று திரும்பும்போது வலைகள் கரை மாறுகின்றன. சட்டிக்குள் விழும் மீனும் மாறிவிடுகிறது. ஒரே வீட்டின் ஆடிக் குழம்பும் மார்கழிக் குழம்பும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தனுஷ்கோடிக்கு விடிகாலையில் போய்விட வேண்டும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு சொன்ன இடம். ஆனாலும் ஓலைக் குடிசை போட்டு மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. மின்சாரமும் தண்ணீரும் மற்ற ஊர்களைப் போல வாய்க்காத இருப்பு. நான் போனபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வந்துவிடும். இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று ஆணும் பெண்ணுமாக இழுக்கிறார்கள். நேரம் பிடிக்கும் வேலை. மடி கரையேறியதும் சூடையும் காரலும் நெத்திலியும் முரலும் வெள்ளியாய்த் துடித்தன. நடுவே சொறி எனப்படும் ஜெல்லிமீன். அதை விலக்கிவிட்டு இன வாரியாகப் பிரித்தார்கள்.

ஒரு குடிசையில் அந்த மீனை அப்போதே அவித்தார்கள். கொஞ்சம் புளித்தண்ணீர், மஞ்சள், தட்டிய மிளகாய், உப்பு. அவ்வளவுதான். எண்ணெய் கிடையாது, தாளிப்பு கிடையாது. "எண்ணெயே ஊத்தலையாக்கா?" என்று கேட்டேன். "உசுரோட வந்த மீனுக்கு எண்ணெய் எதுக்கு தாயி? நாளைக்கு மீனுன்னா ஊத்துவோம்" என்றார். சூடையில் முள் அதிகம். ஆனால் சதை அவ்வளவு இனிப்பு. தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபுறமும் கடல் இருக்க, நடுவில் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கிறது. மழைநீர் மணலுக்குள் தங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து கிடக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும் என்பதால் மேலாகத் தோண்டி, சிறிது சிறிதாக மொண்டு ஊற்றிக் குடம் நிறைக்கிறார்கள். அந்தக் குடத்துத் தண்ணீரில் வெந்த மீன் அது.

பெருவில் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் போட்டு, வெங்காயமும் மிளகாயும் உப்பும் சேர்த்துச் செவிச்சே என்று உண்கிறார்கள். முன்பெல்லாம் மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். இப்போது சில நிமிடங்கள் போதும் என்கிறார்கள். நெருப்பு இல்லை, புளிப்பே சதையை இறுக்கிவிடுகிறது. தனுஷ்கோடியில் நெருப்பு உண்டு, புளிப்புக்குப் புளி. ஆனால் இரண்டுக்கும் நியதி ஒன்றுதான்: மீன் கரைக்கு வந்து நேரம் ஆகியிருந்தால் செய்யாதே.

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் வரும்போது மீனுக்குச் சில மணி நேரம் வயதாகிவிடும். இதுதான் குழம்பின் நேரம். அரைப்புக்கு முண்டு வத்தல், மல்லி, சீரகம், சின்ன வெங்காயம், தேங்காய். மானாவாரி நிலத்தில் விளைந்து குண்டாக, தடித்த தோலோடு இருக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் குழம்பின் சிவப்பு அதன் தோலிலிருந்து வருவது. மண்சட்டியில் புளிக்கரைசல் கொதித்து, பச்சை வாசனை போன பிறகுதான் மீன் விழும். அதற்குப் பிறகு கரண்டிக்கு வேலையில்லை. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் பழையசோற்றுக்கு அதே குழம்பு இன்னும் நன்றாயிருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். புளியும் உப்பும் ராத்திரி முழுக்க உள்ளே இறங்கிவிடுகின்றன.

எந்த மீனுக்கு எந்தப் பக்குவம் என்பதில் இங்கே விட்டுக்கொடுப்பதில்லை. திருக்கைக்குப் பூண்டும் மிளகும் தூக்கலாக வேண்டும். விளமீன் எதையும் தாங்கும். பால்சுறாவை அவித்து, சொரசொரத் தோலை உரித்து, உதிர்த்துத் தண்ணீரைப் பிழிந்தெடுத்து, வெங்காயம் பூண்டு பச்சைமிளகாயோடு வதக்கினால் புட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க அதைக் கொடுப்பார்கள். காரலும் அப்படித்தான், பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கென்று தனியே எடுத்து வைக்கிறார்கள்.

ஏலக்கூடத்தில் நல்ல இறாலும் நண்டும் கணவாயும் ஐஸ் பெட்டிக்குப் போகின்றன, அங்கிருந்து ஏற்றுமதிக் கம்பெனிக்கு. பிடித்தவர் வீட்டுக்குப் போவது காரலும் சூடையும். இதைக் கேட்டு வருந்தினேன். ஆனால் சாப்பிட்டபோது, ருசியில் அந்த வீட்டுக்கு நட்டமில்லை என்று தோன்றியது. பிரான்சில் மார்செய் துறைமுகத்து மீனவர்கள் விலைபோகாத முள்மீன்களைக் கொதிக்கவைத்துச் செய்ததுதான் இன்று பெரிய உணவகங்களில் விற்கும் பூயபேஸ் சூப். விற்காத மீனிலிருந்துதான் கடற்கரையின் மிகச் சிறந்த சமையல் பிறக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

விற்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் மிஞ்சினால் கருவாடு. நற்றிணையின் நெய்தல் பாடல்களிலேயே காயும் மீனைப் பறவை கொத்தாமல் காக்கும் பெண்கள் வருகிறார்கள். பாம்பன் கரையிலும் மண்டபத்திலும் அந்தக் காவல் இன்றும் பெண்களுடையது. நெத்திலியை உப்பில்லாமல் அப்படியே காயப் போடுகிறார்கள். பெரிய மீனென்றால் கீறி, குடல் எடுத்து, உப்பில் ஊறவைத்து, கழுவிக் காயவைக்கிறார்கள். மணலில் குழி தோண்டி, உப்பிட்ட மீனை ஓலைப்பாயில் சுற்றி இரண்டு மூன்று நாள் புதைத்து எடுக்கும் முறையும் உண்டு. அது முழுக்கக் காயாது. மெத்தென்று இருக்கும், மணம் கடுமை. இந்த மாவட்டத்திலேயே வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறது. 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் தொழிற்சாலை அங்கேதான். வெயிலும் உப்பும் காற்றும் ஒரே இடத்தில் இவ்வளவு தாராளமாகக் கிடைத்தால் கருவாடு பிறக்காமல் எப்படி இருக்கும்? நார்வேயின் லோபோட்டன் தீவுகளில் வெயிலுக்குப் பதில் குளிர்காற்று. பிப்ரவரியிலிருந்து மே வரை காட் மீனை உப்பே போடாமல் மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். காய்ந்த தலைகள் நைஜீரியா வரை போய் அங்குள்ள குழம்பில் வேகின்றன.

கீழக்கரைக்குப் போனால் காலம் இன்னும் நீள்கிறது. அங்கே குழம்புக்குப் பெயர் ஆணம். கடல் வாணிபத்தில் பல தலைமுறை இருந்த முஸ்லிம் குடும்பங்களின் ஊர். இலங்கைத் தொடர்பு அடுப்படிவரை உண்டு. நான் தேடிப் போனது மாசி. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் மரக்கட்டையாக இறுகும்வரை காயவைத்தது. மாலத்தீவின் சொத்து. 1343 வாக்கில் அங்கே காஜியாக இருந்த இப்னு பதூதா, மீனைத் துண்டாக்கி, லேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகையிடுவதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் கப்பலில் போவதையும் எழுதியிருக்கிறார். மாலத்தீவிலிருந்து இலங்கை போய், அங்கிருந்து மதுரை சுல்தான் ஆண்ட நம் தமிழ்க் கரைக்கும் வந்தவர் அவர்.

"ராத்தா, இதை எப்படி உடைக்கிறது?" என்று கேட்டதற்குச் சிரித்தபடி உரலைக் காட்டினார் நான் போயிருந்த வீட்டம்மா. இடித்த மாசியோடு வத்தல், சின்ன வெங்காயம், தேங்காய் சேர்த்து இடித்து எலுமிச்சை பிழிந்தால் சம்பல். இடியாப்பத்துக்கு ஒரு சிட்டிகை போதும், அவ்வளவு ஆழமான ருசி. ஜப்பானியரின் கட்சுவோபுஷியும் இதே சூரைதான். அவித்து, முள் நீக்கி, திரும்பத் திரும்பப் புகையிட்டு, சிலவற்றில் பூஞ்சையும் படரவிட்டு, சீவி எடுத்த சுருளைக் கொதிநீரில் போட்டால் அவர்கள் சமையலின் அடித்தளமான தாஷி கிடைக்கிறது. இலங்கையின் தென்கரையில் அதே சூரையைக் கொறுக்காய்ப்புளியும் மிளகும் பூசிச் சுண்டவைத்து அம்புல் தியல் செய்கிறார்கள். ஐஸ் இல்லாமலே நாள்கணக்கில் கெடாது. எதிர்க்கரை யாழ்ப்பாணத்தில் ஒடியல் மாவு கரைத்து நண்டும் இறாலும் மீனும் போட்டுக் கூழ் காய்ச்சுகிறார்கள். பனை இங்கும் அங்கும் ஒன்றே, கடலும் ஒன்றே. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் இந்த ருசிகள் இன்னும் எளிதாகக் கடந்திருக்கும்.

எனக்குக் கவலை தந்தது ராமேசுவரத்தில் பார்த்த ஒன்று. விசைப்படகுகளின் இழுவைமடி வலையில் ஏறும் பொடிமீன்களைச் சங்காயம் என்கிறார்கள். அதை மணலில் கொட்டிக் காயவைத்து, கோழித் தீவனத்துக்கென்று நாமக்கல் பக்கம் லாரியில் அனுப்புகிறார்கள். அந்தக் குவியலில் காரல் குஞ்சும் நண்டுக் குஞ்சும் கண்ணுக்குத் தெரிந்தன. வளர்ந்திருந்தால் ஒரு குழம்புக்கு ஆகியிருக்கும், ஒரு கருவாட்டுக்கு ஆகியிருக்கும். பக்கத்தில் நின்ற நாட்டுப்படகுக்காரர் ஒருவர், "எங்க வலையில விழுறதுக்கு முந்தியே போயிருது, தாயி" என்றார். அவர் பேச்சில் கோபத்தைவிட அலுப்பே அதிகம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும், வீடுகளில் பானையிலிருந்து கருவாடு இறங்கும். அந்த மாதங்களில் ராமேசுவரம் போகிறவர்கள் வஞ்சிர வறுவலைத் தேடி அலைய வேண்டாம். பாம்பனில் தெரிந்த வீடு இருந்தால் கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். மாங்காய் அந்தச் சமயத்தில்தான் காய்க்கிறது.