பழைய நிரலும் புதிய கையும்

பொறியியல் கல்லூரிகளில் ரோபோ குழுவில் சேரும் முதலாமாண்டு மாணவர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: நிரலாக்கத்தை எங்கிருந்து தொடங்குவது? மூத்த மாணவர்கள் தரும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: சென்ற ஆண்டின் நிரலை எடுத்துக்கொள், எண்களை மட்டும் மாற்று. இவ்விடையில் அன்பும் உண்டு, அவசரமும் உண்டு. ஆயினும் ஒரு மாணவரின் கல்வி அந்த இடத்தில் தொடங்குகிறதா, முடிந்துவிடுகிறதா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவசரத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் ரோபோகான் போட்டி 2002-ஆம் ஆண்டு டோக்கியோவில் தொடங்கியது. போட்டியை நடத்தும் நாடே அவ்வாண்டிற்குரிய ஆட்டத்தை வகுக்கும். 2008-இல் புனேயில் நடந்தபோது உறியடியை ஒத்த கோவிந்தா விழாவும், 2022-இல் புதுதில்லியில் நடந்தபோது ஏழு கற்களை அடுக்கி ஆடும் லகோரியும் ஆட்டப் பொருளாயின. ஆட்டம் ஆண்டுதோறும் மாறுவதால் ரோபோவின் உடலும் ஆண்டுதோறும் மாறும். மாறாமல் கைமாறி வருவது நிரல் ஒன்றுதான். நான்காமாண்டு மாணவர் விடைபெறும்போது கோப்புகள் தங்கிவிடுகின்றன; அவற்றை அவ்வாறு எழுதியதற்கான காரணங்கள் அவரோடு வெளியேறிவிடுகின்றன.

மகாராஷ்டிரத்துக் கல்லூரி ஒன்றில் அத்தகைய குழுவில் சேர்ந்தாள் ஒரு மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியில் தாய்மொழி வழியே பயின்றவள். சொந்தக் கணினி இல்லாதவள். கையெழுத்து நன்றாக இருந்தது என்பதால் பொருட்கொள்முதல் பட்டியலும் அறிக்கை எழுதும் பணியும் அவளுக்கு ஒதுக்கப்பட்டன. யாரும் தீய எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. குழுக்களில் பணிப் பங்கீடு பல வேளைகளில் இப்படித்தான் நிகழ்கிறது: ஏற்கெனவே அறிந்தவருக்கு மேலும் அறியும் வாய்ப்பு, அறியாதவருக்கு அறிக்கை.

ஒரு மாதம் கழித்து அவள் பொறுப்பாசிரியரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கிடங்கில் கிடந்த பழைய ரோபோவின் அடிப்பாகத்தை மாலை வேளைகளில் பயன்படுத்திக்கொள்ள இசைவு வேண்டும் என்பதே அது. அது கிடைத்தது. சென்ற ஆண்டின் நிரலை அவள் திறக்கவில்லை. வெற்றுக் கோப்பிலிருந்தே தொடங்கினாள். முதலில் ஆர்டுயினோ மெகா பலகையில் ஒரு சிறு விளக்கை மின்னச் செய்தாள். அடுத்து ஒரே ஒரு மோட்டாரைச் சுழற்றினாள். 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் வேகத்தைக் குறிக்கலாம் என்று நூலில் படித்திருந்தாள். 30 என்று இட்டபோது மோட்டார் முனகியதேயன்றிச் சுழலவில்லை. உராய்வை வெல்லும் அளவுக்கு ஆற்றல் வேண்டும் என்னும் இயற்பியல் பாடம் அன்று அவளுக்கு எண்ணாகக் கைக்கு வந்தது.

பிறகு இரு மோட்டார்களுக்கும் ஒரே எண்ணை இட்டாள். ரோபோ நேராகச் செல்லாமல் இடப்பக்கம் வளைந்தது. ஒரே ஆலையில் செய்த இரு மோட்டார்களும் ஒன்றுபோல் ஓடுவதில்லை; பேட்டரியின் மின்னழுத்தம் குறையக் குறைய வேகமும் குறையும். ஆகவே, கட்டளை இட்டால் மட்டும் போதாது. கட்டளை நிறைவேறியதா என்று அளந்தும் பார்த்தாக வேண்டும். சக்கரச் சுழற்சியை எண்ணும் என்கோடரின் தேவை அவளுக்கு இவ்வாறுதான் புலப்பட்டது. பாடநூலில் பின்னூட்டக் கட்டுப்பாடு என்பது ஓர் இயலின் தலைப்பு. அவளுக்கோ அது வளைந்து சென்ற ரோபோவுக்கான விடை.

ஒவ்வொரு சோதனையையும் அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதினாள்: நாள், பேட்டரியின் மின்னழுத்தம், மாற்றிய எண், நிகழ்ந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்பது அவள் வகுத்துக்கொண்ட விதி.

இதற்கிடையே குழுவின் புதிய ரோபோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. 5 மீட்டர் நேராக ஓடி நிற்க வேண்டும். அது நான்கு மீட்டரைக் கடந்தபின், வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் திடீரென முழு வேகம் எடுத்து எதிர்ச்சுவரில் மோதியது. சக்கரம் வழுக்குகிறது என்றார் ஒருவர். கம்பி இணைப்பு தளர்ந்துள்ளது என்றார் மற்றொருவர். மோட்டார் இயக்கியை மாற்றினார்கள், பேட்டரியை மாற்றினார்கள். நிரலை மட்டும் யாரும் ஐயுறவில்லை. அது சென்ற ஆண்டு போட்டிக்களத்தில் ஓடிய நிரல் அல்லவா?

சோதனைகளைப் பதிவுசெய்யும் பொறுப்பு அந்த மாணவியிடம் இருந்தது. மெதுவாக ஓட்டினாலும் விரைவாக ஓட்டினாலும், பேட்டரி நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும், பிழை ஏறத்தாழ அதே தொலைவில்தான் நிகழ்கிறது என்பதை அவளுடைய குறிப்புகள் காட்டின. தளர்ந்த கம்பி இத்துணை ஒழுங்காகப் பிழை செய்யாது. அவள் ரோபோவைத் தாங்கியின்மேல் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுழற்றி, என்கோடரின் எண்ணிக்கையைத் திரையில் பார்த்தாள். பதின்மூன்றரைச் சுற்றைத் தாண்டிய சிறிது நேரத்தில் 32767 என்று காட்டிய திரை, அடுத்த எண்ணாக −32768 என்று காட்டியது.

காரணம் எளியது. அந்தப் பலகையிலுள்ள ஏடிமெகா2560 நுண்கட்டுப்படுத்திக்கு 'இன்ட்' என்று அறிவித்த மாறி 16 பிட் அளவினது. 32767-க்கு மேல் அதனால் எண்ண இயலாது. சக்கரம் ஒரு முறை சுழன்றால் 2400 எண்ணிக்கை. சக்கரத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர். கணக்கிட்டால் எல்லை ஏறத்தாழ 4.3 மீட்டரில் வருகிறது. அந்த நொடியில் ரோபோ தான் புறப்பட்ட இடத்திற்கும் 4.3 மீட்டர் பின்னால் நிற்பதாகக் கருதிக்கொண்டு, செல்ல வேண்டிய தொலைவு மிகுதி என முடிவுசெய்து விரைந்திருக்கிறது. சென்ற ஆண்டு ஆட்டத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் எண்ணிக்கை சுழியாக்கப்பட்டதால் இவ்வெல்லையை அது தொடவே இல்லை. மாறியை 32 பிட் அளவுள்ள 'லாங்' ஆக மாற்றினார்கள். எல்லை 214 கோடியைத் தாண்டியது. 8 பிட் நுண்கட்டுப்படுத்தி ஒரு நேரத்தில் ஒரு பைட்டையே கையாளும் என்பதால், நான்கு பைட்டுகளையும் படித்து முடிக்கும்வரை குறுக்கீடுகளைச் சற்றே நிறுத்திவைக்க வேண்டும் என்பதையும் அவள் தேடிக் கண்டறிந்து சேர்த்தாள்.

இது மாணவர்களுக்கு மட்டும் நேரும் பிழை என்று எண்ண வேண்டா. 1996 சூன் 4 அன்று ஏரியன் 5 ஏவூர்தியின் முதற்பயணம், புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகுமுன் அழிந்தது. ஏரியன் 4-க்காக எழுதிய நிரற்பகுதி அதில் அப்படியே பயன்படுத்தப்பட்டிருந்தது. புதிய ஏவூர்தியின் கிடைத்திசை வேகம் மிகுதி. அதனோடு தொடர்புடைய ஓர் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. பழைய ஏவூர்தியில் அந்த நிரல் பிழையின்றியே இயங்கியது. நிரல் சரியா என்பதை அது இயங்கும் சூழலோடு சேர்த்தே சொல்ல முடியும் என்பது இவ்விரு நிகழ்வுகளுக்கும் பொதுவான பாடம்.

பழைய நிரலைப் பயன்படுத்துவது குற்றமாகாது. எல்லா அறிவும் முன்னோர் விட்டுச் சென்றதன்மேல் எழுவதே. ஆனால், பெற்றுக்கொள்பவர் அதைக் கேள்வி கேட்கும் தகுதியையும் உடன் பெற வேண்டும். அத்தகுதிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. உடைந்தாலும் பாதகமில்லை என்று சொல்லி ஒப்படைக்கத்தக்க ஒரு பழைய ரோபோ. எண்களின் எல்லைகளையும், ஒவ்வொரு முடிவின் காரணத்தையும் பதிந்துவைக்கும் ஒரு குறிப்பேடு. வாரத்தில் ஒரு மாலைப் பொழுது. இவை போதும்.

அந்த ஆண்டு குழு தேசியச் சுற்றில் பரிசு எதையும் பெறவில்லை. அடுத்த ஆண்டு முதல், கிடங்கிலிருந்த பழைய ரோபோ ஒவ்வொரு புதிய உறுப்பினரின் கைக்கும் முதல் மாதத்திலேயே செல்லும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. அறிக்கை எழுதும் பணி முறைவைத்து எல்லாருக்கும் வருகிறது. தன் கல்லூரியில் இத்தகைய குழு ஒன்றுக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர் எவரும் இவ்வாரமே செய்யக்கூடிய செயல் ஒன்று உண்டு: நிரல் எழுதும் மேசையருகே இதுவரை அமராதவர் யார் என்று பார்த்து, அவரை அங்கே அமரச் செய்வது.